இஞ்சித் தண்ணியும் மூன்று விரல் கணக்கும்

வணக்கம். முழுகாமல் இருக்கிற பிள்ளைகளோடும், அவர்களைப் பார்த்துக்கொள்கிற அம்மாமார், மாமிமாரோடும் கொஞ்சம் பேச வந்திருக்கிறேன். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் நெடுங்காலம் மருத்துவமாதுவாக வேலை செய்தவள் நான். வீடு வீடாகப் போகும்போது அதிகம் கேட்ட பேச்சு, "சத்தி எடுக்காத பிள்ளைத்தாச்சி ஆர்? பொறுக்கத்தான் வேணும்" என்பது.

எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. பத்துக் கர்ப்பிணிகளில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டல் வருவது உண்மை. ஆறாம் கிழமையளவில் தொடங்கி, ஒன்பதாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நாலைந்து மாதத்தில் அடங்கிவிடும். ஆனால் அது செல்லம் கொட்டுவதல்ல. கருவோடு வளரும் நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்துக்கு வரும் ஜிடிஎஃப்15 என்ற ஓமோனுக்கு இதில் பெரும் பங்கு இருப்பதை 2023இல் வந்த ஆய்வொன்று காட்டியது. சூடை மீன் பொரிக்கிற மணத்துக்கு எழும்பி ஓடுகிற மருமகள் நடிக்கவில்லை, மாமி.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? இஞ்சி. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் குமட்டலுக்கு இஞ்சி, விற்றமின் பி6, ஊசி குத்திச் செய்யும் அக்குபங்சர் போன்றவற்றைத் தாயின் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே 2016இல் சொல்லியிருக்கிறது. பெருவிரல் நுனியளவு இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, ஒரு கோப்பைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு மிடறு மிடறாகக் குடியுங்கள். தேயிலை வேண்டாம், அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வேர்க்கொம்பு, அதாவது சுக்குத் தூள் என்றால் நாள் முழுவதற்கும் அரைத் தேக்கரண்டி போதும். குமட்டலை இது ஓரளவு தணிக்கும், சத்தியை நிறுத்தும் என்று உறுதி சொல்லமாட்டேன். நெஞ்செரிவு வந்தால் விட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுத்தான் தொடவேண்டும்.

குமட்டலுக்கு இன்னொரு கைவழியும் உண்டு. இப்போது வானொலிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இடது உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். மணிக்கட்டு மடிப்பில் தொடங்கி முழங்கைப் பக்கமாக, வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்துக் குறுக்கே வையுங்கள். மூன்றாவது விரல் முடிகிற இடத்தில், இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். சிலருக்குச் சுகம் தருகிறது, சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கெடுதல் கிடையாது, காசும் வேண்டாம்.

அப்புறம், பெயர் தெரியாத சூரணங்கள். என்ன கலந்தது, எவ்வளவு கலந்தது என்று தெரியாத எதையும் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்காதீர்கள். சித்த மருத்துவம் பார்ப்பதென்றால் பதிவுபெற்ற வைத்தியரிடம் போய், மாதக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு வீட்டில் பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் செம்பு நிறையக் கசாயம் ஆறிப்போயிருந்தது. "மூண்டு நாளாக் குடுக்கிறம், நிக்குதில்ல மிஸ்ஸி" என்றார் தாய். "மூத்திரம் எப்ப மகள் போனது?" என்று கேட்டேன். "நேத்து மத்தியானம்" என்றாள். உதடு வெடித்திருந்தது, நாக்கில் ஈரமே இல்லை. உடனே ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றி, இரண்டாம் நாள் எழும்பி உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். பொறுக்கச் சொல்லி வீட்டிலேயே வைத்திருந்த அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

ஆகவே மாமிமாரே, மருமகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கும்போது மூத்திரம் போனாயா என்றும் கேளுங்கள். எட்டு மணித்தியாலமாகப் போகவில்லை, போனாலும் கடும் மஞ்சள், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, எழும்பினால் தலை சுற்றுகிறது, சத்தியில் இரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, உடம்பு மெலிகிறது: இதில் ஒன்றென்றாலும் இஞ்சியும் வேண்டாம், கசாயமும் வேண்டாம். கிளினிக் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, இராத்திரி என்றாலும், கிட்ட உள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.