கள்ளுக்கடைப் பலகை

வணக்கம், நேயர்களே. மலேசியத் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோயிலைச் சொல்வார்கள், தமிழ்ப்பள்ளியைச் சொல்வார்கள், லயத்து வீடுகளைச் சொல்வார்கள். கள்ளுக்கடையை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். இன்று நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப்பட்டாணிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும். தகரக் கூரை, கம்பிவலை அடித்த சன்னல், முன்னால் உட்கார இரண்டு நீளப் பலகைகள். அந்தக் கடைதான்.

குடியை உயர்த்திப் பேச நான் வரவில்லை. கள் பல குடும்பங்களைக் கெடுத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் தொழிலாளர் கோரிக்கைகளில் ஒன்று. 1947-இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் போலீசாரோடு மோதல் மூண்டது. அந்தக் கோபம் நியாயமானது. பல தோட்டங்களில் கூலி கொடுத்த நிர்வாகமே கடையையும் நடத்தியது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சம்பாதித்த காசு மாலையில் அங்கேயே திரும்பிப் போயிற்று.

இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன்: அந்தப் பலகையில் ஒரு நன்மை இருந்தது. அங்கே யாரும் தனியாகக் குடிக்கவில்லை.

எங்கள் ஊர்க் கடைக்காரரை எல்லாரும் தாத்தா என்றே அழைப்போம். சம்பள நாளில் கூட்டம் நெரியும். எனாமல் குவளையைக் கையில் எடுப்பார், ஆனால் ஊற்றமாட்டார். "வீட்டில் கொடுத்தாயா?" என்று கேட்பார். ஒருமுறை ஒருவர் முழுச் சம்பளமும் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்க நேரே கடைக்கு வந்துவிட்டார். "போய்க் கொடுத்துவிட்டு வா, கள் எங்கேயும் ஓடிவிடாது" என்றார் தாத்தா. வந்தவர் கத்தினார், வலையைத் தட்டினார். பலகையில் இருந்த, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எழுந்து அவர் தோளில் கைவைத்து, "நடடா தம்பி, நானும் வருகிறேன்" என்று அழைத்துப் போனார். அரை மணி நேரத்தில் இருவரும் திரும்பினார்கள். பின்னாலேயே அந்தத் தம்பியின் மனைவியும், கையில் ஒரு சின்னத் தூக்குச்சட்டி. ஆப்ப மாவுக்குக் கள் வேண்டுமாம். தாத்தா முதலில் அந்தத் தூக்கில்தான் ஊற்றினார்.

இதை நான் எத்தனை இடத்தில் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. எவ்வளவு குடிக்கிறான், யாரோடு குடிக்கிறான், காசு வீடு போய்ச் சேர்ந்ததா, எல்லாவற்றையும் நாலு பேர் பார்த்தார்கள்.

இதற்குக் கள்ளின் குணமும் ஒரு காரணம். பாளையைச் சீவி இறக்கும்போது இனிக்கும். கலயத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கும், மாலைக்குள் கடுக்கும், வைத்திருந்தால் காடியாகிவிடும். பதுக்கி வைக்க முடியாது. அன்றைய கள்ளை அன்றைக்கே, கடையில் உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்து போகவேண்டும். சம்சு என்ற மலிவுச் சாராயம் அப்படியா? போத்தலைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம் மக்கள் டவுன் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். பலகை போயிற்று, போத்தல் கூடவே வந்தது. குடி நிற்கவில்லை, நேயர்களே. பார்த்துக்கொண்டிருந்த கண்கள்தாம் இல்லாமற்போயின.

அந்தப் பலகையில் ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்ட அலுவலக எழுத்தர், ஒருவர் தமிழ் நேசனை உரக்க வாசிப்பார். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன நாளிதழ் அது. எழுத்துத் தெரியாதவர்கள் நாட்டு நடப்பை அறிந்தது அவர் குரலில்தான். இதை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நேரம் நெருங்கிவிட்டது என்று நிலையத்து நண்பர் கைகாட்டுகிறார்.

பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ தென்னந்தோப்புகளில் மரமேறியவர்களைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். அந்தக் குடும்பத்தார் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், பாளை கட்டும் முறையையும் சீவும் கத்தியையும் பற்றி நிலையத்துக்கு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.