குமட்டலுக்குள் ஒரு கப்பல்

ஊட்டியில் கல்லூரி மாணவர்களிடையே பேசியது

எல்லோருக்கும் வணக்கம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக பஸ்ஸில் வந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டேதான் மலையேறியிருப்பீர்கள். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல்லை உங்கள் வயிறு ஏற்கெனவே விளக்கிவிட்டது: 'நாசியேட்டிங்', அதாவது குமட்ட வைக்கிற.

கடும் அருவருப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னும் பல சொற்கள் உண்டு. 'டிஸ்கஸ்டிங்' நாக்கில் பிறந்தது. லத்தீனில் 'குஸ்டுஸ்' என்றால் சுவை. நம்முடைய சொல் பிறந்தது கடலில். கிரேக்கத்தில் 'நௌஸ்' என்றால் கப்பல். கப்பலில் போகிறவனுக்கு வயிற்றைப் புரட்டுவதற்கு 'நௌசியா' என்று பெயர். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கரையேறி, இப்போது மலையும் ஏறிவிட்டது.

கப்பலானாலும் கல்லட்டி பஸ்ஸானாலும் காரணம் ஒன்றுதான். உள்காது 'வளைகிறோம், வளைகிறோம்' என்கிறது. செல்போனில் பதிந்த கண்ணோ 'எதுவும் அசையவில்லையே' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட, தண்டனை வயிற்றுக்கு. டிரைவருக்கு அநேகமாக வராது. வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அதற்காக யாரும் அவரிடம் ஸ்டீயரிங்கைக் கேட்க வேண்டாம்!

சரி, எங்கே பயன்படுத்துவது? அழுகிய மீனின் நாற்றம் நாசியேட்டிங். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரை ஒருவர் 'சூரியனே, சந்திரனே' என்று அரைமணி நேரம் புகழ்கிறாரே, அதுவும்தான். 'அவன் பேச்சைக் கேட்டாலே குமட்டுது' என்று நாமும் சொல்வதில்லையா? ஆனால் சாம்பாரில் உப்பு குறைந்ததற்கெல்லாம் இந்தச் சொல்லை எடுக்காதீர்கள். ஹோட்டல்காரர் சண்டைக்கு வருவார். நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும். பிடிக்காதது வேறு, உடம்பே வெளியே தள்ளப் பார்ப்பது வேறு. என்னைக் கேட்டால், கூழைக்கும்பிடுக்கும் பாசாங்குக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் கிடையாது.

அப்புறம், பரீட்சை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. குமட்டுகிறது என்று சொல்ல நினைத்து 'ஐ ஆம் நாசியேட்டிங்' என்று எழுதிவிடாதீர்கள். என்னைப் பார்த்தால் உங்களுக்கு வாந்தி வரும் என்று அர்த்தமாகிவிடும். 'நாசியேட்டட்' என்று எழுதுங்கள். 'நாஷியஸ்' என்றும் எழுதலாம், இன்றைய அகராதிகள் ஏற்கின்றன. 'குமட்ட வைப்பது' என்பதே அதற்குப் பொருள் என்று பிடிவாதம் பிடித்த இலக்கணக்காரர்களும் உண்டு. அப்படி ஒருவர் கையில் பேப்பர் போனாலும் 'நாசியேட்டட்'டுக்கு மார்க் குறையாது.