அடி மேல அடி

எல்லாருக்கும் வணக்கம். ரக்பி, அதான் பந்தைத் தூக்கிட்டு ஓடி ஆளோட ஆள் முட்டி மோதற ஆட்டம், அதுல தலையில படற அடி பத்தி ரேடியோவுல பேச வாங்கன்னு கூப்பிட்டாங்க, நான் தயிர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சின்ன வயசுல எங்க அம்மா தூக்குவாளியில தயிர் ஊத்திக் குடுத்து பெரியம்மா வீட்டுக்கு என்னை பஸ்ல அனுப்புவாங்க. கிளம்பும்போது தயிர் கட்டியா, கரண்டியால வெட்டி எடுக்கற மாதிரி இருக்கும். டவுன் பஸ்சு, மேடு பள்ளம், டிரைவர் நாலு தடவை பிரேக் போடுவார். வாளி என் மடியிலதான் இருக்கும், ஒரு சொட்டு வெளிய சிந்தியிருக்காது, வாளியில ஒரு நெளிவு இருக்காது. ஆனா பெரியம்மா மூடியத் திறந்தா தயிர் உடைஞ்சு ஓரமெல்லாம் தண்ணி விட்டு நிக்கும். "என்னடா, குலுக்கிக்கிட்டே வந்தியா"ம்பாங்க. நான் எங்க குலுக்கினேன், பஸ்தான் குலுக்குச்சு.

மண்டையோடுதான் அந்த வாளி, உள்ள இருக்கற மூளைதான் தயிர். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, நான் அடுத்து சொல்லப்போற எல்லாத்துக்கும் இது போதும். வாளிக்கு மேல துணி சுத்தினா தயிர் உடையாம இருக்குமா? இருக்காது. ரக்பில சில பேர் மெத்து மெத்துனு ஒரு தொப்பி போடறதைப் பாத்திருப்பீங்க, ஸ்க்ரம் கேப்னு சொல்லுவாங்க, அது காதைக் காப்பாத்தும், தோல் கிழியாம காப்பாத்தும், உள்ள நடக்கற குலுக்கலுக்கு அது ஒண்ணும் செய்யாது. பிள்ளைக்கு தொப்பி வாங்கிக் குடுத்துட்டோம், பயமில்லைனு நினைக்கற அப்பா அம்மா நிறைய பேர், அதனாலதான் முதல்லயே சொல்லிடறேன்.

நான் திருச்சிப் பக்கம். பிசியோதெரபி படிச்சிட்டு தெற்கு வேல்ஸ் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பழைய நிலக்கரிச் சுரங்க ஊர், மலைக்கு நடுவுல நீளமா ஒரே தெரு. அந்த ஊர்ல ரக்பி கிளப்னா நம்ம ஊர் கோயில் மண்டபம் மாதிரி, கல்யாண ரிசப்ஷன், சாவு வீட்டுக் கூட்டம், பென்ஷன் மீட்டிங் எல்லாமே அங்கதான். புதுசா வந்தவனை சேத்துக்கிட்டாங்க, சனிக்கிழமை ஆனா முதலுதவிப் பையை எடுத்துக்கிட்டு கோட்டுக்கு ஓரமா நிப்பேன், சம்பளம் கிடையாது, ஒரு டீயும், மாவுக்குள்ள பூரணம் வச்சு சுட்டெடுப்பாங்களே 'பை'ன்னு, அது ஒண்ணும் சுடச்சுட உண்டு. எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும், இன்னைக்கும் பிடிக்கும். இலங்கையில இருந்து வந்த நேயர்கள் நிறைய பேர் கேக்கறீங்கன்னு தெரியும், கொழும்புலயும் கண்டியிலயும் ஸ்கூல் ரக்பின்னா எப்பேர்ப்பட்ட திருவிழான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன.

எங்க டீம்ல ஒருத்தர், பேர் வேண்டாம், மூணாம் நம்பர்னு சொல்றேன், ரெண்டு டீமும் குனிஞ்சு தோளோட தோள் குடுத்து முட்டித் தள்ளுமே, அந்த ஸ்க்ரம்ல முன் வரிசையில வலது பக்கம் தோள் குடுக்கற ஆளோட ஜெர்சி நம்பர் அது. கூரை மேல ஓடு போடற வேலை, கை ஒண்ணொண்ணும் முறம் மாதிரி இருக்கும், சத்தமாக்கூட பேச மாட்டார். 2004ன்னு நினைக்கிறேன், நவம்பர் மாசம், மழை. பந்தோட ஓடி வர்றவரைப் பிடிச்சுக் கீழ தள்ள, அதான் டேக்கிள் பண்ண, போறார், எதிராளியோட இடுப்பெலும்புல இவர் நெத்திப்பொட்டு மோதுது. கீழ விழுந்தார், ஒரு முட்டி போட்டு எழுந்தார். நான் ஓடினேன். கேக்க வேண்டிய கேள்வின்னு எங்களுக்கு அஞ்சு இருக்கு, இது எந்த கிரவுண்டு, இப்ப எந்த பாதி, கடைசியா யார் ஸ்கோர் பண்ணது, போன மேட்ச் யார் கூட, அதுல ஜெயிச்சீங்களா. அஞ்சுக்கும் சரியா பதில் சொன்னார். நான் எந்திரிச்சு தள்ளி நிக்கும்போது அவர் பூட்ஸ் லேஸ் அவுந்து கிடந்துச்சு, கட்டிக்கோங்கன்னேன். குனிஞ்சு ரெண்டு நுனியையும் ரெண்டு கையில பிடிச்சார். ஒண்ணை ஒண்ணு மேல போட்டார். அப்படியே நிறுத்திட்டார். அடுத்து என்னன்னு அந்த விரலுங்களுக்குத் தெரியல. ஒரு அஞ்சு செகண்ட் இருக்கும். அப்புறம் ரெண்டு நுனியையும் பூட்ஸ் ஓரத்துல சொருகிட்டு ஓடிட்டார்.

நான் பாத்தேன். பாத்துட்டு விட்டுட்டேன். அஞ்சு கேள்விக்கும் பாஸ் ஆயிட்டாரே, பதினஞ்சு பேர்ல ஒருத்தர் குறைஞ்சா டீம் தோத்துடுமே, புதுசா வந்த நான் நிறுத்தினா என்ன நினைப்பாங்களோன்னு, என்னென்னமோ தோணுச்சு அப்ப.

நிறைய வருஷம் கழிச்சு முழங்கால் வலின்னு அவர் சம்சாரம் என் கிளினிக்குக்கு கூட்டிட்டு வந்தாங்க, அப்ப அவருக்கு அம்பது தாண்டல. காலைப் பாத்து முடிச்சு ஷூ போட்டுக்கோங்கன்னேன், வெல்க்ரோ ஷூ, சின்னப் பிள்ளைங்க போடுமே பட்டை ஒட்டறது, அந்த மாதிரி. "லேஸ் கட்ட மறந்து மறந்து போகுது, கோவம் வேற வந்துடுது, அதான் இதை வாங்கிட்டேன்"னாங்க. கோவம்னு சொல்லும்போது அந்தம்மா குரல் இறங்கிடுச்சு. ஜாம் பாட்டில் மூடி திறக்கலன்னு பாட்டிலைத் தூக்கி சுவத்துல அடிச்சாராம், நாயை ஒரு அதட்டு அதட்டாத மனுஷன். மறதிதான் முதல்ல வரும்னு நாம நினைக்கறோம், நிறைய வீட்ல முதல்ல வர்றது இந்த கோவந்தான், இல்லைனா சோர்ந்து போய் மூலையில உக்காந்துடறது.

இப்ப ஒண்ணு கவனமா சொல்லணும். அந்த நவம்பர் மாசத்து அடியாலதான் அவருக்கு இப்படி ஆச்சான்னா, இல்லை, நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். நான் இன்னைக்கு இங்க வந்ததே இதைச் சொல்லத்தான். மயக்கம் போட்டு விழற பெரிய அடியை எல்லாரும் பாக்கறோம், டிவில நாலு தடவை ஸ்லோ மோஷன்ல காட்டுறாங்க. ஆனா செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை பிராக்டிஸ்ல விழற குட்டிக் குட்டி அடி இருக்கே, தலை சுத்தாது, வலிக்காது, யாரும் நோட்ல எழுத மாட்டாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் தயிர் கொஞ்சம் ஆடும். அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு நம்ம ஆளுங்க விடாமுயற்சிக்கு சொல்லி வச்சாங்க. நான் அதை மூளைக்கு சொல்றேன். அம்மியே நகருதுன்னா தயிர் என்ன ஆகும்.

ஸ்டீவ் தாம்சன்னு ஒருத்தர், இங்கிலாந்து டீமோட ஹூக்கர், ஸ்க்ரம்ல நட்ட நடுவுல நிக்கற ஆள். 2003 நவம்பர்ல சிட்னில ஆஸ்திரேலியாவை 20-17னு ஜெயிச்சு இங்கிலாந்து உலகக் கோப்பை வாங்குச்சே, அந்த மேட்ச்ல ஆடினவர். 2020 டிசம்பர்ல, 42 வயசுல, எனக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கற சக்தியும் தேஞ்சு போற நோய்னு வெளிய சொன்னார். அந்த ஃபைனல் ஆடினதே ஞாபகம் இல்லையாம், வீடியோவைப் போட்டா அவரே ஓடறது தெரியுது, ஆனா அங்க இருந்த நினைப்பு ஒரு துளி இல்லையாம். ஊரே மறக்காத ஒரு நாள், அதை ஆடினவருக்கு மட்டும் இல்லை. எங்க வேல்ஸ்லயே ஆலிக்ஸ் பாப்பம், தினம் போற வழியில சைக்கிள்ல போய் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாம நின்னவர், 40 வயசுலயே அவருக்கும் டிமென்ஷியா. வேல்ஸ் கேப்டனா இருந்த ரயன் ஜோன்ஸ், 41. நியூசிலாந்து தேசிய டீமான ஆல் பிளாக்ஸ்ல ஆடின கார்ல் ஹேமன், அவருக்கும் 41. இந்த மாதிரி நூத்துக்கணக்கான பழைய வீரர்கள் சேர்ந்து, இந்த ஆட்டத்தை உலக அளவுல நடத்தற வேர்ல்ட் ரக்பி அமைப்பு மேலயும் இங்கிலாந்து, வேல்ஸ் ரக்பி சங்கங்கள் மேலயும் கேஸ் போட்டிருக்காங்க, எங்களைக் காப்பாத்த வேண்டியவங்க காப்பாத்தலைன்னு.

இந்த வயசு எல்லாம் கேட்டீங்களா, 40, 41, 42. இவங்க எல்லாம் 1995ல ரக்பி ப்ரொஃபெஷனல் ஆனதுக்கு அப்புறம் முழுநேர வேலையா ஆடின தலைமுறை. அதுக்கு முன்னாடி வீரர்னா டீச்சர், போலீஸ்காரர், விவசாயி, வாரத்துல ரெண்டு சாயங்காலம் பிராக்டிஸ், அவ்வளவுதான். காசு வந்ததும் தினம் ஜிம்மு, தினம் பிராக்டிஸ், உடம்பு பெருத்துச்சு, வேகம் கூடுச்சு, மோதல் கூடுச்சு. ஸ்க்ரம் மெஷின்ல மோது, அப்புறம் ஆளோட மோது, மறுபடி மோதுன்னு போட்டுத் தாளிச்சதை தாம்சனே சொல்லியிருக்கார். நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான், மேட்ச் இல்லை, பிராக்டிஸ்.

இப்படி அடி மேல அடி பட்டு வர்ற மூளை நோய்க்கு சி.டி.இ.ன்னு பேரு, க்ரானிக் ட்ராமாட்டிக் என்செஃபலோபதிங்கறதோட சுருக்கம். புதுசு இல்லை, 1928லயே அமெரிக்காவுல மார்ட்லண்ட்னு ஒரு டாக்டர் குத்துச்சண்டைக்காரங்க குடிச்சவங்க மாதிரி தள்ளாடறதைப் பாத்து எழுதி வச்சுட்டார். மூளையில டௌன்னு ஒரு புரதம், நரம்பிழைக்கு உள்ள பந்தக்கால் மாதிரி தாங்கி நிக்கும். ஆடி ஆடி கால் பிடுங்கிக்கிட்டு வந்து ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் குப்பையா சேந்துடும், அதுவும் மூளை மடிப்போட அடி ஆழத்துல. கொடுமை என்னன்னா ஆள் உயிரோட இருக்கும்போது சி.டி.இ.தான்னு உறுதியா சொல்ல முடியாது, செத்த பிறகு மூளையை வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் தெரியும். எங்க மூணாம் நம்பருக்கும் டாக்டர் இருக்கலாம்னுதான் எழுதிக் குடுத்தார். நியூசிலாந்துல பில்லி கய்டன்னு ஒரு வீரர், ஸ்க்ரம் ஹாஃப்ங்கற இடத்துல ஆடினவர், 2023ல 33 வயசுல இறந்துட்டார், அவர் மூளையைப் பாத்தப்புறம்தான் சி.டி.இ. இருந்தது தெரிஞ்சுது. முப்பத்திமூணு வயசு.

2023ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, இறந்த பிறகு தானமா வந்த 31 ரக்பிக்காரங்க மூளை, அதுல 21ல சி.டி.இ. இதைக் கேட்டுட்டு ரக்பி ஆடினா மூணுல ரெண்டு பேருக்கு நிச்சயம்னு கிளம்பிடாதீங்க, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ஆளை எண்ணினா ஊரே நோயாளியாத்தான் தெரியும், சந்தேகம் இருந்த குடும்பம்தானே மூளையைத் தானம் குடுக்குது. ஆனா அதுக்குள்ளயே ஒரு கணக்கு இருக்கு, அதைப் பாருங்க. ஆடின வருஷம் ஒண்ணு கூடக் கூட சி.டி.இ. இருக்கற வாய்ப்பு 14 சதவீதம் கூடுது. முன் வரிசையா பின் வரிசையான்னு வித்தியாசம் இல்லை, ப்ரொஃபெஷனலா சும்மா சனிக்கிழமை ஆட்டமான்னும் வித்தியாசம் இல்லை, அந்த 31ல பெரும்பாலானவங்க எங்க கிளப் மாதிரி காசு வாங்காம ஆடினவங்க. எத்தனை வருஷம் ஆடினாங்க, அதான் கணக்கு. அம்மி, அம்மி.

கிளாஸ்கோவுல டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் குழு 2022ல ஸ்காட்லாந்துக்கு ஆடின 412 பேரை எடுத்து, அதே வயசுல மத்த ஆளுங்களோட ஒப்பிட்டாங்க. மூளை நரம்பு கெட்டுப்போற நோய் வர்ற அபாயம் ரெண்டரை மடங்கு. இதுல நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், இந்த வீரர்கள் சராசரியா மத்தவங்களைவிட கொஞ்சம் அதிக நாள்தான் வாழ்ந்திருக்காங்க, ஓடி ஆடின உடம்பு இல்லையா. ஆனா மோட்டார் நியூரான் நோய், உடம்பு ஒவ்வொரு தசையா கைவிட்டுப் போகுமே, அது பதினஞ்சு மடங்கு. அது அபூர்வமான நோய், எண்ணிக்கை சின்னது, ரக்பிதான் காரணம்னு இன்னும் நிரூபணமும் ஆகலை. ஆனா தென்னாப்பிரிக்காவோட யூஸ்ட் வான் டெர் வெஸ்தைசன் 45 வயசுல, ஸ்காட்லாந்தோட டாடி வேர் 52 வயசுல, லீட்ஸ்ல ரக்பி லீக்ங்கற இன்னொரு வகை ரக்பி ஆடின ராப் பரோ 41 வயசுல போயிட்டாங்க. ராப் பரோவை அவர் கூட ஆடின கெவின் சின்ஃபீல்ட் 2023 லீட்ஸ் மாரத்தான்ல சக்கர நாற்காலியில வச்சு முழு தூரமும் தள்ளிக்கிட்டே ஓடி, கடைசிக் கோட்டுக்கிட்ட நிறுத்தி, கையில தூக்கிக்கிட்டு கோட்டைத் தாண்டினார். நான் அதை வீட்ல பாத்துட்டு எழுந்து போய் கொல்லைப்புறத்துல நின்னுட்டேன்.

அதிகாரத்துல இருந்தவங்க சும்மா இருந்தாங்களான்னா, 2012ல அஞ்சு நிமிஷ சோதனைன்னு கொண்டு வந்தாங்க. அடிபட்டவரை ஓரமா கூட்டிட்டுப் போய் அஞ்சு நிமிஷத்துல சோதிச்சு திரும்ப அனுப்பலாம். பாரி ஓட்ரிஸ்கால்னு டாக்டர், தானே அயர்லாந்துக்கு ஆடினவர், மூளை விஷயத்துல அஞ்சு நிமிஷத்துல என்ன தெரியும்னு மருத்துவக் கமிட்டியில இருந்தே ராஜினாமா பண்ணிட்டார். அவர் சொன்னது 2013 ஜூலையில சிட்னில எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்துச்சு, ஆஸ்திரேலியாவோட ஜார்ஜ் ஸ்மித், எங்க வேல்ஸ் ஹூக்கர் ரிச்சர்ட் ஹிபர்ட் தலையோட தலை முட்டி, கால் பின்ன ஸ்மித்தை ரெண்டு பேர் தாங்கி வெளிய கூட்டிட்டுப் போனாங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப உள்ள ஆடிக்கிட்டிருக்கார். பாஸ் ஆயிட்டாராம். எனக்கு உடனே அந்த லேஸ்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்புறம் அந்த அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம் ஆச்சு, 2021ல முழு மோதல் பிராக்டிஸ் வாரத்துக்கு 15 நிமிஷம் போதும்னு வேர்ல்ட் ரக்பி சொல்லிருக்கு, ஆனா அது அறிவுரைதான், 2024ல இருந்து பெரிய ஆட்டங்கள்ல பல்லுக்குப் போடற உறையிலயே குலுக்கலை அளக்கற சென்சார்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்றாங்க, ரெண்டு நிமிஷம்தானாம். பொண்ணுங்க ரக்பி பத்தி தனியா வச்சிருந்தேன், அது இன்னைக்கு ஆகாது. உங்க பிள்ளைங்க இங்க ஸ்கூல்ல ஆடறாங்க, அதை மட்டும் வேகமா சொல்லிடறேன். 2011ல வட அயர்லாந்துல 14 வயசுப் பையன், ஸ்கூல் மேட்ச், தலையில அடிபட்டும் தொடர்ந்து ஆடி, அதே மேட்ச்ல மறுபடி அடிபட்டு இறந்துட்டான். முதல் அடி ஆறாம ரெண்டாவது விழுந்தா மூளை வீங்கிடும். அதனால அடிபட்டதா சந்தேகம் வந்தாலே அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது, பிள்ளை நல்லாருக்கேன்னு சொன்னாலும் முடிஞ்சுது, கோச் சொன்னாலும் முடிஞ்சுது. முதல் 24 மணி நேரம் ஸ்கூல் உடற்பயிற்சி கிளாஸ்கூட வேண்டாம், ரெண்டு நாள் போனும் டிவியும் குறைச்சுக்கணும், மேட்ச்சுக்குத் திரும்ப குறைஞ்சது 21 நாள். வாந்தி, தலைவலி ஏறிக்கிட்டே போறது, எழுப்பினா எழுந்திரிக்காத தூக்கம், பேச்சு குழறல், வலிப்பு, இதுல ஒண்ணு இருந்தா பிரிட்டன்ல அவசர உதவிக்கான 999க்கு போன் பண்ணுங்க. அதெல்லாம் இல்லைனாலும் ஒரு நாளைக்குள்ள மருத்துவ ஆலோசனைக்கான 111க்கு போன் பண்ணுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசணும்னா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க, கேட்டா தருவாங்க. போன்ல பேசும்போது எப்படி இருக்கான்னு கேப்பாங்க, அப்ப அவன் லேஸ் கட்டினானான்னு பாத்துட்டு அதையும் சொல்லுங்க. வணக்கம்.