தீபாவளி இரவில் வெடித்த கேலக்ஸி

[திரையில்: இருட்டு வானம், மெல்ல நெருங்கும் பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்து]

2012ஆம் வருடத் தீபாவளி நவம்பர் 13. நாம் இங்கே சரவெடி கொளுத்தத் தயாரான அந்த இரவில், ஸ்பெயினின் லா பால்மா தீவில் 2,200 மீட்டர் உயரத்தில் நின்ற இரண்டு தொலைநோக்கிகளில் வேறொரு வெடி பதிவானது. தீபாவளி அமாவாசையை ஒட்டித்தானே வருகிறது? இந்தத் தொலைநோக்கிகளுக்கும் நிலா இல்லாத இருட்டுதான் தோது.

வெடித்தது ஐசி 310. சுமார் 26 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ரேடியோ கேலக்ஸி, அதாவது ரேடியோ அலைகளைப் பலமாக வீசும் கேலக்ஸி. அதன் நடுவில் ஏறத்தாழ 30 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை. அங்கிருந்து ஒளி வேகத்தை நெருங்கும் துகள்களின் தாரை ஒன்று பீறிட்டு வருகிறது. நம்மை நேராகப் பார்க்காமல், 10 முதல் 20 பாகை வரை விலகி.

[திரையில்: வளிமண்டலத்தில் விரியும் துகள் மழை]

அந்த வெடி நம்மை எட்டியது காமா கதிராக, அதாவது மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளியாக. ஆனால் காமா கதிர் தரைக்கு வராது. அப்புறம் தரையில் இருக்கும் தொலைநோக்கி எதைப் பார்க்கிறது? காற்றில் மோதும் காமா கதிர் எலக்ட்ரான்களையும், அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களையும் மழையாகப் பொழிய வைக்கிறது. காற்றுக்குள் ஒளி செல்லும் வேகத்தையே இவை மிஞ்சும்போது நீல வெளிச்சம் பளிச்சிடும். இதுதான் செரன்கோவ் ஒளி. சில நானோ நொடிகளில் போய்விடும். லா பால்மாவின் மேஜிக் தொலைநோக்கிகள், தலா 17 மீட்டர் விட்டக் கண்ணாடியோடு, அதைத்தான் பிடிக்கின்றன. நம் லடாக்கின் ஹான்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கிக்கும் இதே வேலைதான்.

தலைவலி என்னவென்றால், காஸ்மிக் கதிர்களும் (விண்வெளியிலிருந்து வரும் துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள்) இதே மாதிரி மழை பொழியும், அதுவும் பல மடங்கு அதிகமாக. கேமராவில் விழும் படத்தின் வடிவத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்: காமா என்றால் ஒல்லியான நீள்வட்டம், புரோட்டான் என்றால் கலைந்த கறை.

[திரையில்: திடீரென ஏறி இறங்கும் பிரகாச வரைபடம்]

அன்றைய பதிவில் ஐசி 310இன் பிரகாசம் இரட்டிக்க 4.8 நிமிடம்கூட ஆகவில்லை.

இங்கேதான் சரவெடிக் கணக்கு வருகிறது. பத்தாயிரம் வாலாவில் ஒரு முனையில் வைத்த நெருப்பு மறுமுனைக்குப் போக நேரம் பிடிக்கும். மொத்தமும் அரை நொடியில் முடிந்தால் சரம் குட்டிதான். விண்வெளியில் அந்தத் திரியின் உச்ச வேகம் ஒளி வேகம். இந்தக் கருந்துளை அதிவேகமாகச் சுழல்வதாக வைத்துக்கொண்டாலும் (சுழற்சி கூடினால் எல்லை சுருங்கும்), அதன் நிகழ்வெல்லையின், அதாவது ஒளிகூடத் தப்ப முடியாத எல்லையின், ஆரத்தைக் கடக்கவே ஒளிக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆக, வெடித்த இடம் கருந்துளையைவிடச் சின்னது!

தாரை நம்மை நேராகப் பார்த்தால் சார்பியல் காரணமாக மாற்றங்கள் வேகமாகத் தெரியும். இங்கே தாரை சற்று விலகியிருப்பதால் அந்தச் சலுகை போதவில்லை. அதனால் மேஜிக் குழு 2014இல் வேறு வழி சொன்னது: கருந்துளையின் துருவத்தருகே மின்துகள்கள் வற்றிய இடைவெளியில் பலத்த மின்புலம் உருவாகி, இடி மேகத்தில் மின்னல் வெட்டுவதுபோலத் துகள்களை விரட்டுகிறது. பல்சர்களுக்கு, அதாவது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களுக்கு, சொல்லப்பட்ட யோசனைதான் இது. எனக்குப் பிடித்த விளக்கம். ஆனாலும் இத்தனை ஆற்றலை அந்த இடைவெளியால் தர முடியுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அன்றிரவு மேஜிக் அந்தப் பக்கம் பார்த்தது 4 மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் வெடித்தது மட்டுமே கணக்கில் வந்தது.