இரண்டு கைகளில் இரண்டு சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு ஆல்பத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 1987 அக்டோபரில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட 'டனல் ஆஃப் லவ்'.

அதற்கு முன்னால் 1984இல் வந்த 'பார்ன் இன் த யுஎஸ்ஏ' ஆல்பத்திலிருந்து மட்டும் ஏழு பாடல்கள் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தன. 1985 மே மாதம் நடிகை ஜூலியான் ஃபிலிப்ஸுடன் கல்யாணமும் ஆனது. சரி, இனி சந்தோஷப் பாட்டுதான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் நியூஜெர்சியில் தன் வீட்டில் உட்கார்ந்து பெரும்பாலும் தனியாகவே வாசித்துப் பதிவுசெய்தார், பழைய இசைக்குழுவினர் அங்கொருவர் இங்கொருவராகத்தான் வந்துபோகிறார்கள்.

'காஷியஸ் மேன்' என்று ஒரு பாட்டு. அதன் நாயகன் ஒரு கையில் காதல் என்றும் மறு கையில் பயம் என்றும் பச்சை குத்தியிருக்கிறான். புதுக் கல்யாணம், நல்ல மனைவி, குறை என்று எதுவும் இல்லை. ஒரு ராத்திரி கெட்ட கனவு கண்டு எழுந்து, மனைவி தூங்கும்போதே உடுத்திக்கொண்டு நெடுஞ்சாலை வரை போகிறான். அங்கே சாலையைத் தவிர ஒன்றுமில்லை. திரும்பி வந்து அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுகிறான். அவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, மூன்றாம் ஆள் கிடையாது, ஆனாலும் அந்தக் கல்யாணத்துக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த ஆல்பம் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றால், பிரிவைப் பாடுகிற ராக் பாடல்களில் பெரும்பாலும் குற்றவாளி எதிர்ப்பக்கம்தான் நிற்பார், இங்கே பாடுகிறவர் தன்னையே கூண்டில் ஏற்றுகிறார். 'பிரில்லியண்ட் டிஸ்கைஸ்' பாட்டைக் கேளுங்கள். நான் பார்ப்பது உன்னையா, உன் வேஷத்தையா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே வருகிறவர், கடைசியில் நீ பார்ப்பது என்னையா, என் வேஷத்தையா என்று கேள்வியைத் தன் பக்கமே திருப்பிக்கொள்கிறார்.

அதன் வீடியோவும் அப்படித்தான். கறுப்பு வெள்ளையில் ஒரு சமையலறை, கிட்டாரோடு அவர், கேமரா ஒரே ஷாட்டில் மெல்ல மெல்ல நெருங்கி வந்து முகத்தில் நிற்கிறது, நம் பார்வையை வேறு எங்கும் ஓடவிடாமல்.

1988இல் ஸ்பிரிங்ஸ்டீனும் ஜூலியானும் பிரிந்தார்கள், மறு வருடம் விவாகரத்து. அதை வைத்து இந்த ஆல்பத்தை டைரிபோலப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. காதல் குறைந்ததைவிட, காதல் இருந்தும் பயம் போகாததைத்தான் இந்தப் பாடல்கள் சொல்கின்றன என்று நினைக்கிறேன்.

அடுத்து ஒலிக்கப்போவது 'ஒன் ஸ்டெப் அப்'. வீட்டைச் சூடாக்கும் உலை அணைந்து குளிர்கிறது, வண்டி கிளம்ப மறுக்கிறது, ஓர் அடி முன்னே போனால் இரண்டு அடி பின்னே. வாத்தியங்கள் எல்லாம் அவரே. பின்னணியில் மெல்லச் சேர்ந்துகொள்ளும் பெண் குரலை மட்டும் கவனித்துக் கேளுங்கள்: பேட்டி சியால்ஃபா, 1991இல் ஸ்பிரிங்ஸ்டீன் கல்யாணம் செய்துகொண்டவர்.