கண்ணாடிக் கவசம் போட்ட வழிப்பறிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வழிப்பறிக்காரனை வைத்து ஆரம்பிக்கிறேன். காட்டுப் பாதையில் நடந்து போகிறீர்கள். ஒருவன் குறுக்கே வந்து நிற்கிறான். நூறு காசை எடுத்து வை, இல்லாவிட்டால் உயிர் போகும் என்கிறான். அதுவரைக்கும் சரி. ஆனால் அவன் உடம்பில் இருப்பது கண்ணாடிக் கவசம். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற வீடியோ கேம் வரிசையின் நான்காவது கேமான 'ஆப்லிவியன்' ஆடியவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த உலகத்தில் கண்ணாடி என்றால் ஜன்னல் கண்ணாடி இல்லை. அது பச்சை நிறத்தில் மின்னும், விலை உயர்ந்த, அபூர்வமான கவசம். அதைக் கழற்றி விற்றாலே அவன் ஏரிக்கரையில் ஒரு குடிசைக்கு வழி பண்ணிக்கொள்ளலாம். மழையிலும் வெயிலிலும் மரத்தடியில் நின்று நூறு காசுக்குக் கத்தியைக் காட்ட வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை.

இந்த கேம் 2006 மார்ச்சில் வந்தது. வந்த நாளிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி ஆடியவர்கள் சொன்ன குறைகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினால், மேலே கிடப்பது இந்த வழிப்பறிக்காரனாகத்தான் இருப்பான். அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்பதற்குப் பதில் சின்னது. நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், அதனால் அவனும் வளர்ந்துவிட்டான். நீங்கள் முதல் லெவலில் இருந்தபோது அதே இடத்தில் தோலாடையும் துருப்பிடித்த கத்தியுமாக நின்றவன்தான். இருபதைத் தாண்டினீர்கள், நாடு முழுக்க இருக்கிற கொள்ளைக்காரர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள். லெவல் ஸ்கேலிங் என்று இதற்குப் பெயர்.

க்வாட்ச் என்று ஒரு ஊர் வரும். முக்கியக் கதையில் முதல் பெரிய சண்டை அங்கேதான். ஊர் எரிகிறது, நரகத்தின் வாசல் திறந்து கிடக்கிறது, ஓடி வா என்கிறார்கள். கதையை நம்பி உடனே ஓடிப் போனவருக்கு அங்கே குட்டிச் சாத்தான்கள்தான் காத்திருக்கும். தட்டினால் விழும். ஆனால் திறந்த உலகம் என்று சொல்லித்தானே கையில் கொடுத்தார்கள்? காட்டைச் சுற்றி, குகையில் புகுந்து, நாலு சங்கத்தில் சேர்ந்து பெரிய ஆள் ஆகி, நாற்பது மணி நேரம் கழித்து ஆற அமர வந்தவருக்கு அதே வாசலில் டேட்ராத் என்ற முதலை வாய் அரக்கர்கள். கூட வரும் காவலர்கள் பாவம், மடமடவென்று விழுவார்கள். பயிற்சி பண்ணாமல் வந்தவனுக்குப் பூமாலை, பண்ணி வந்தவனுக்குச் செருப்பு மாலை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்த கேமில் படுத்துத் தூங்கினால்தான் லெவல் ஏறும். அதைக் கண்டுபிடித்த சிலர் தூங்காமலே ஆடினார்கள். முதல் லெவலிலேயே உலகத்தைக் காப்பாற்றி முடித்தார்கள். நரகத்தின் படையைத் தோற்கடித்த மாவீரனின் ரகசியம், அவன் பாயில் தலை வைக்காததுதான்.

தூங்கியவர்கள் பட்ட பாடு வேறு. ஏழு முக்கியத் திறமைகளை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றில் மொத்தம் பத்துப் புள்ளி ஏறினால் அடுத்த லெவல். அப்போது பலம், அறிவு, வேகம் போன்ற எட்டுப் பண்புகளில் மூன்றை ஏற்றிக்கொள்ளலாம். எவ்வளவு ஏறும் என்பது அந்த லெவலில் என்னென்ன பயிற்சி செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்து வேண்டுமானால் அந்தப் பண்பைச் சேர்ந்த திறமைகள் பத்துப் புள்ளி ஏறியிருக்க வேண்டும். கணக்குப் போட்டவர்களுக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. வாள் வீசப் போகிறவன் வாளை முக்கியத் திறமையாக எடுக்கக் கூடாது! எதைத் தொடவே மாட்டோமோ அதை முக்கியம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் லெவல் எப்போது ஏற வேண்டும் என்ற லகான் நம் கையில் இருக்கும். காகிதத்தில் கோடு கிழித்து, ஒவ்வொரு லெவலுக்கும் கணக்கு எழுதி வைத்து ஆடியவர்கள் இருந்தார்கள். வீரகதை ஆட வந்தவர்களைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டது என்று அவர்கள் திட்டியதில் தப்பே கிடையாது.

இதற்கு மாற்று மருந்தையும் ஆடியவர்களே தயாரித்தார்கள். 'ஆஸ்க்யூரோஸ் ஆப்லிவியன் ஓவர்ஹால்' என்ற பெரிய மோட், அதாவது ஆடுகிறவர்களே செய்து கேமில் சேர்த்துக்கொள்ளும் மாற்றம், அப்படி வந்ததுதான். அதைப் போட்டால் சில இடங்கள் கடைசிவரை ஆபத்தானவை, சில இடங்கள் எப்போதும் சாதாரணமானவை. தப்பான குகைக்குள் தலையை நீட்டினால் அவ்வளவுதான். திரும்பி ஓடி வர வேண்டும். உயிர் பிழைத்து ஓடி வருவதை ஒரு பரிசு மாதிரி அனுபவித்துச் சொன்னார்கள் அதை ஆடியவர்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஆப்லிவியன் மேல் இன்னொரு பெரிய புகார் உண்டு. அதற்கும் வழிப்பறிக்காரனுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது அம்புக்குறி, அதாவது அடுத்துப் போக வேண்டிய இடத்தைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும் குறி.

இதே வரிசையில் இதற்கு முன்னால், 2002இல் வந்த 'மாரோவிண்ட்' கேமில் அம்புக்குறி கிடையாது. எங்கே போக வேண்டும் என்று ஒருவர் வாயால் சொல்வார், அது உங்கள் நாட்குறிப்பில் ஏறும். ஊரைத் தாண்டு, கோட்டையைக் கட, பழைய பாலம் வரும், அந்தப் பக்கம் போ. அவ்வளவுதான். ஆர்க்ந்தாண்ட் என்று ஒரு பாழடைந்த இடம். ஆரம்பத்திலேயே அங்கே போய் ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்து வரச் சொல்வார்கள். பாலத்தைக் கண்டுபிடித்து, மலைச்சரிவில் கதவையும் கண்டுபிடித்துவிட்டேன். கதவு திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு குழாயில் திருகு இருக்கிறது, அதைத் திருப்ப வேண்டும். அதை நான் பார்க்கவில்லை. என் கண்தான் கோளாறு. உள்ளே போன பிறகு பெட்டியைத் தேடியதில் ஒரு மாலைப்பொழுது போயிற்று. அது உள்ளங்கை அகலப் பெட்டி, அலமாரி மூலையில் உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்த இடத்தின் ஒவ்வொரு கல்லும் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே போய் எடுத்த நூறு பொருள்களில் ஒன்றின் இடம்கூட நினைவில் இல்லை.

அதற்காக மாரோவிண்டைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். சில வழிக்குறிப்புகள் தப்பாகவே இருக்கும். வாள் பகைவன் மேல் பட்டது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே உருண்ட பகடை படவில்லை என்று சொல்லிவிடும். காற்றில் க்ளிஃப் ரேசர் என்ற பறவைகள் துரத்திக்கொண்டே இருக்கும். அந்த கேமை உயிராக நேசிப்பவர்கள்கூட அவற்றுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவர், எனக்கு அம்புக்குறி வேண்டும், பாலத்தைத் தேடியே என் நேரம் போய்விடக் கூடாது என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் அம்பைக் கண்டுகொள்ளாமல் ஆடிப்பாரேன் என்று அவர் திருப்பிக் கேட்பார். அங்கேதான் சிக்கல். ஆப்லிவியனில் பேச்சே அம்புக்குறியை நம்பி எழுதப்பட்டது. அந்தக் குகையில் இருக்கிறது, உன் வரைபடத்தில் குறித்துத் தருகிறேன் என்பார்கள். வலமா இடமா, ஆற்றுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்பை எடுத்துவிட்டால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. எல்லா வசனமும் குரலில் பதிவானதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். எழுத்தில் நாலு வரி வழி சொல்வது சுலபம், நடிகரை வைத்துச் சொல்ல வைப்பது செலவு.

சரி, வழிப்பறிக்காரனுக்கு வருகிறேன். அவனும் அம்புக்குறியும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். உங்களுக்கு ஏற்ற மாதிரி உலகம் தன்னை ஒழுங்கு பண்ணிக்கொள்கிறது என்பதை உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் பலத்துக்குத் தகுந்த எதிரி, உங்கள் கண்ணுக்குத் தகுந்த குறி. நீங்கள் போகும் இடமெல்லாம் உங்களுக்கு முன்னாலேயே யாரோ போய்ச் சோபா போட்டு வைத்த மாதிரி. லெவல் ஸ்கேலிங் கஷ்டமாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், சுலபமாக இருக்கிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டு பேருமே கஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது என் கட்சி. அந்த உலகம் நான் இல்லாத நேரத்திலும் இருக்கிறதா, இல்லை நான் முதுகைத் திருப்பினால் அணைந்துவிடுகிறதா என்று கேட்டார்கள்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் வரிசையில் அடுத்து வந்த 'ஸ்கைரிம்' இருக்கிறது. 2011 நவம்பர் 11. அதிலும் அம்புக்குறி உண்டு, ஸ்கேலிங்கும் உண்டு, கொஞ்சம் நாசூக்காகச் செய்திருப்பார்கள். ஆனால் சமவெளியில் மாமத் என்ற ரோம யானைகளை மேய்க்கும் ராட்சதர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஸ்கேலிங்குக்கு வெளியே. எப்போதும் 32ஆம் லெவல்தான். ஐந்தாம் லெவலில் விளையாட்டாக ஒரு அம்பை விட்டுப் பார்த்தவரை ராட்சதன் தடியால் ஓங்கி ஒரு அடி அடிப்பான். ஆள் நேரே மேகத்துக்குப் போவான். நியாயமாகப் பார்த்தால் இதற்குத்தான் புகார் குவிந்திருக்க வேண்டும். ஒரே அடி, தப்பிக்க வழி இல்லை. குவிந்ததோ சிரிப்பு. அந்தக் கதையை ஆளாளுக்கு வாய் ஓயாமல் சொன்னார்கள். ஏனென்றால் அந்த ராட்சதனுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. அவனுக்கு மாடு மேய்க்கிற வேலை இருக்கிறது. கிட்டப் போனால் தடியை உயர்த்தி எச்சரிப்பான், போய்விட்டால் விட்டுவிடுவான்.

2022இல் 'எல்டன் ரிங்' என்ற வேறொரு கேம் வந்தபோதும் இதையே பார்த்தோம். வாசலைத் தாண்டியதும் பொன் கவசத்தில் குதிரை மேல் ஒருவன் உலாத்திக்கொண்டிருப்பான். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் அவன் கையில்தான் முதலில் செத்தார்கள். பிறகு சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஆள் அங்கே இருப்பது அநியாயம் என்றவர்களும் உண்டு, ஆனால் திரும்பி வந்து அவனை வீழ்த்திய நாளை மறந்தவர்கள் இல்லை.

ஆப்லிவியனைத் திட்டித் தீர்த்துவிட்டு அதையே நூறு மணி நேரம் ஆடியவர்கள் எக்கச்சக்கம். நானும் அதில் ஒருவன். எதற்காக ஆடினோம்? டார்க் பிரதர்ஹுட் என்ற கொலைகாரச் சங்கத்துக்காக என்று பத்தில் ஏழு பேராவது சொல்வார்கள். இது நான் பழகியவர்களை வைத்துச் சொல்லும் கணக்குதான். அதில் ஒரு வேலை. ஒரு மாளிகையில் ஐந்து விருந்தாளிகளோடு உங்களையும் உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஒளித்து வைத்த தங்கத்தைத் தேடும் விருந்து என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் யாருக்கும் தெரியாமல் தீர்க்க வேண்டும். அங்கே கத்தி வீசுவதில் பெரிய விஷயம் இல்லை. ஒருவர் செத்ததும் மிச்சப் பேர் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை மாறும். யார் மேல் யாருக்குப் பாசம், யார் மேல் கடுப்பு என்று உட்கார்ந்து பேசினால் தெரியும். ஐந்து பேருக்கும் உங்களைத் தவிர வேறு கவலைகள் இருக்கின்றன. கேமின் மற்ற இடங்களில் கிடைக்காதது அந்த ஒரு வீட்டுக்குள் இருந்தது.

குதிரைக் கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்லிவியன் வந்த சில வாரங்களிலேயே குதிரைக்கு மாட்டும் அலங்காரக் கவசத்தை இரண்டரை டாலருக்குத் தனியாக விற்றார்கள். ஊர் சிரித்தது. இன்று கேம்களுக்குள் அதைவிட அதிகமாகக் கொடுத்துத் தொப்பி வாங்குகிறோம், சிரித்தவர்கள் உட்பட. அதை விடுங்கள்.

கடைசியாக, 2025 ஏப்ரல் 22. அறிவித்த அதே நாளில் ஆப்லிவியனின் புதுப்பித்த பதிப்பை வெளியிட்டார்கள். படம் புது எஞ்சினில், உள்ளே ஓடுவது பழையது. கணக்குப்பிள்ளை முறையைத் தூக்கிவிட்டார்கள். இப்போது லெவலுக்குப் பன்னிரண்டு புள்ளி, பிடித்த மூன்று பண்புகளுக்குப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். வேகமாகப் பாய்ந்து ஓடும் வசதியைச் சேர்த்தார்கள். அவற்றை வரவேற்காதவர்கள் குறைவு. வழிப்பறிக்காரன்? அப்படியேதான் நிற்கிறான், கண்ணாடிக் கவசத்தோடு. பத்தொன்பது வருஷம் திட்டிய பழைய ஆட்கள் அவனைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி குதூகலப்பட்டதுதான் எனக்கு ஆச்சரியம். என் கட்சிக்கு அது கொஞ்சம் அடிதான். உலகம் எனக்காக அமைக்கப்பட்டது என்று காட்டிக்கொடுத்த அதே ஆள், காலம் போகப் போக உலகத்தின் சொந்த ஆள் ஆகிவிட்டான்.

ஆனால் எல்லோரும் ஓடிப்போய்ச் சோதித்துப் பார்த்தது அவனை இல்லை. தலைநகரத்துக் கோயிலில் டேண்டில்வே என்று ஒரு பெண் உண்டு. 2006 பதிப்பில் அவள் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டு வந்து, நடுவில் தடுமாறி, இருங்கள், இதை இன்னொரு தடவை சொல்கிறேன் என்று மறுபடி ஆரம்பிப்பாள். நடிகை பதிவறையில் சொன்ன வார்த்தை, வெட்டாமல் உள்ளே போய்விட்டது. இவ்வளவு செலவழித்துப் புதுப்பித்தவர்கள் அதைச் சரிபண்ணிவிட்டார்களோ என்று பயந்துகொண்டே போய்ப் பேச்சுக் கொடுத்தார்கள். இருக்கிறது. அவள் இன்னும் தடுமாறுகிறாள். அந்த நாட்டில் பேச்சுத் திறமையை உச்சம் வரை கற்றுத்தரும் ஆசிரியை அவள்தான்.