மலை இறங்கக் கற்றுத்தருவது பள்ளி வராந்தா

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம்.

மாணவரின் உடல் உறுதிக்குப் பெரிதும் கைகொடுப்பது அன்றாடப் பயிற்சியா, கல்விச் சுற்றுலாவா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா, "சமணர் மலைக்கு ஒருநாள் கூட்டிப்போனால், பள்ளியில் ஒரு மாதம் நடத்தும் டிரில்லுக்கு அது சமம்" என்றார்கள். நானும் அந்த மலையிலேயே தொடங்குகிறேன்.

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் இருக்கும் அந்த மலையில் பிள்ளைகள் பாறைப் படியில் ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். வினை இறங்கும்போது இருக்கிறது. ஏறுகையில் தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்குகையில் அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி பிரேக் போடுகிறது. பழகாத தசையில் நுண்ணிய சேதம் விழுவது இந்த பிரேக் வேலையில்தான். அன்று மாலை ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். சனிக்கிழமை மலைக்குப் போன வகுப்பு, திங்கட்கிழமை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவது இதனால்தான். தொடை நடுங்க இறங்கும் பிள்ளைக்குக் கணுக்காலும் எளிதில் பிசகிவிடும்.

இதற்கு மருந்து பள்ளி வராந்தாவில் இருக்கிறது. ஒரே ஒரு படி போதும். ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, மறுகாலை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி மெதுவாகத் தரைக்கு இறக்க வேண்டும். குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வர வேண்டும். காலுக்கு 8 முறை, இரண்டு சுற்று. ஊன்றிய காலின் முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. பாதம் பார்க்கும் திசையிலேயே முட்டியும் பார்க்க வேண்டும். சாய்ந்தால் உயரம் குறைந்த படிக்கு மாற்றுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் இப்படிப் பழகிய தசை மலையிறக்கத்தில் மிகக் குறைவாகவே அடிபடும். ஒருமுறை பழகினாலே சில வாரங்களுக்குத் தசை தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் காப்பு ஓராண்டு தாங்காது. ஆகவே ஆண்டுக்கொருமுறை சுற்றுலா போகிற பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் புதுக்காலோடுதான் போகிறது.

அலங்காநல்லூர், பாலமேட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. வாடிவாசலில் காளை நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்காக எத்தனை மாதம் நடத்துகிறார்கள், கண்மாயில் நீந்தவிடுகிறார்கள், மண்ணைக் குத்தவிடுகிறார்கள்! தை பிறந்த பிறகு காளையைத் தயார்செய்கிறவர் இந்த மண்ணில் உண்டா?

அடுத்து வெயில். நம் ஊர் வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் உழைத்தால், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். விசிறிக்குக் கீழேயே இருந்த பிள்ளையைத் திடீரென்று பகல் 11 மணிக்குப் பாறையில் நிறுத்தினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? மலைப்பயணம் விடிந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து வையுங்கள். உப்பைக் கூட்டினால் கெடுதல், அளவு முக்கியம்.

டிரில் சலிப்பூட்டும் என்றார்கள். கையை மேலே, கீழே என்று மட்டும் நடத்தினால் சலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். 25 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 5 நிமிடம் மெல்லோட்டம், கை சுழற்றல், முட்டி உயர்த்தல். தசை சூடேறும் முன் குனிந்து இழுத்துப் பிடித்து நிற்கவைப்பது பழைய வழக்கம், அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிறகு 10 நிமிடம்: பஸ்கி (உட்கார்ந்து எழுதல்) 10, தண்டால் 6, ஸ்கிப்பிங் 30 விநாடி, அரை நிமிட ஓய்வு; இதையே மூன்று சுற்று. தண்டால் வராத பிள்ளை சுவரில் கையூன்றிச் செய்யட்டும். இடுப்பு தொய்ந்துபோன 6 தண்டாலைவிடச் சுவரில் நேராகச் செய்த 6 மேலானது. அடுத்த 7 நிமிடம் கபடியோ ஓடிப்பிடியோ. சலிப்பு அங்கே ஓடிவிடும். கடைசி 3 நிமிடம் தசையை நீட்டிப் பிடித்தல், ஒவ்வொன்றும் 20 விநாடி. வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். நடுத்தர வேகத்தில் பிள்ளையால் பேச முடியும், பாட முடியாது.

சிமெண்ட் தளத்தில் குதிக்கவைக்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் ஓடவைக்காதீர்கள். எட்டு வயதிலிருந்து பதினான்குக்குள் ஒரு பிள்ளை குதிகால் வலிக்கிறது என்றால் சோம்பல் என்று திட்டாதீர்கள். வளரும் குதிகால் எலும்பைப் பின்னங்கால் தசைநாண் இழுப்பதால் வரும் வலி அது. குதிப்பதைச் சில வாரம் நிறுத்தினால் பெரும்பாலும் தணியும்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஒருநாள் சுற்றுலா அந்தக் கணக்கில் ஒருநாளைத்தான் நிரப்பும், அதிலும் பாதி நேரம் பேருந்து இருக்கையில் போகிறது. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தை நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே வளர்வது அறிவு. அதற்காக எங்கள் அணியும் கை தட்டும். ஆனால் இன்றைய தலைப்பு உடல் உறுதி, நடுவர் அவர்களே!

இன்னும் ஒன்று, எனக்கு இதுதான் பெரிது. வீசிங் உள்ள பிள்ளை அதை வெளியே சொல்லாது. கூட்டத்தில் பின்தங்கும், ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்து நிற்கும், ஓடி முடித்த சில நிமிடத்தில் இருமும். தினம் மைதானத்தில் நிற்கும் பி.டி. ஆசிரியர் இரண்டாவது வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார், பெற்றோரை அழைத்துப் பேசுவார். அந்த பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. மலையடிவாரத்தில் பேருந்து நின்றதும், அந்தப் பிள்ளையை மட்டும் தனியே அழைத்து, "இன்ஹேலர் பையில இருக்காப்பா?" என்று கேட்க, அதைத் தினமும் பார்த்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.